கூண்டில் நின்ற சேலத்து வீரர்

கரடியூரில் பிறந்து, சேலத்தில் விடுதியில் தங்கிப் படிப்பவன் நான். மலைவாசிகளாகிய எங்களுக்குச் சேலம் என்பது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே கிடக்கும் பெரிய ஊர். காப்பியும் மிளகும் விலைபோகும் இடம். ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் இறங்கிவர வேண்டிய இடம். இரவில் ஏற்காட்டு லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் விளக்குகளை வாரி இறைத்தாற்போல் அமைதியாகத் தெரியும். அந்த ஊர் 1882-இல் கலவரத்தில் பற்றி எரிந்தது என்று வரலாற்று வகுப்பில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. அக்கலவரத்தின் குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றப்பட்ட ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அவர்தாம் சேலம் விஜயராகவாச்சாரியார். 1852 ஜூன் 18-இல் செங்கற்பட்டு மாவட்டம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மங்களூரிலும் பின்னர் சேலத்திலும் ஆசிரியராக இருந்தார். நம் விரிவுரையாளர்கள் மகிழ வேண்டிய செய்தி இது! வகுப்புக்கே போகாமல் தாமாகச் சட்டம் படித்துத் தேறி, 1881-இல் வக்கீல் தொழிலைத் தொடங்கினார் என்பது மாணவர்களாகிய நாம் மகிழ வேண்டிய செய்தி. (வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டு யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.) சேலம் நகரசபையிலும் உறுப்பினரானார்.

அப்போது ஊரில் ஒரு பிணக்குப் புகைந்துகொண்டிருந்தது. கோயில் ஊர்வலம் மேளதாளத்துடன் பள்ளிவாசலைக் கடந்து போகலாமா என்பதே வழக்கு. உயர்நீதிமன்றம் வரை போயும் அது தீரவில்லை. பொதுத்தெருவில் ஊர்வலம் போக உரிமை உண்டு என்று 1880-இல் தீர்ப்பாயிற்று; ஆனால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்கு அந்த உரிமை கட்டுப்பட்டது. அதாவது, உரிமை கோர்ட்டார் கையில், மேளம் மாஜிஸ்திரேட்டார் கையில்! எந்தப் பக்கம் கூச்சல் பெரிதோ அந்தப் பக்கம் பார்த்து உத்தரவு போட இதில் இடமிருந்தது. இன்று நமக்குச் சாதகம், நாளை அவர்களுக்குச் சாதகம் என்று இரு சாராரும் எண்ணத் தொடங்கினால் தெருவில் என்ன நடக்கும்? 1882 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. உயிர்கள் போயின. தொழுகைக்கு இருந்த இடத்தையே இழந்த இஸ்லாமியப் பெருமக்களின் துயரத்தை, மேள உரிமையைப் பேசுகிற எவரும் மறைக்கக் கூடாது.

அமைதியைக் காக்கத் தவறிய நிர்வாகத்தின் பார்வை ஊர்ப் பிரமுகர்கள் மீது திரும்பியது. முப்பதே வயதான இளம் வக்கீல் கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். கிடைத்தது பத்தாண்டுத் தண்டனை! வக்கீலாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வேறொருவராயிருந்தால் அத்துடன் வாழ்க்கை முடிந்திருக்கும். அவரோ விடாமல் வழக்காடி, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார்.

என் மனத்தைத் தொட்டது அதற்குப் பின் நடந்ததுதான். தாம் தப்பினோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை அவர். அதே கலவர வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட ஏனையோரின் விடுதலைக்காகப் போராடி வெற்றி பெற்றார். நகரசபைப் பதவியிலிருந்து தம்மை நீக்கியது செல்லாது என்று இந்தியா மந்திரி மீதே வழக்குத் தொடுத்தார். 1884-இல் அதிலும் வென்றார். ஆட்சியாளர் தவறு செய்தால் குடிமகன் நஷ்டஈடு கேட்கலாம் என்பதற்குச் சட்டம் பயில்வோர் இன்றும் அவ்வழக்கைக் காட்டுகிறார்கள்.

இடையில் 1883-இல் ஊர்வல உரிமை பற்றிய இன்னொரு வழக்கில், தலைமை நீதிபதி டர்னர் முக்கியமான கருத்தொன்றைக் கூறினார். அதிகாரிகளின் பலம் உரிமையை நிறுத்திவைக்க அல்ல, அதைக் காக்கவே முதலில் பயன்பட வேண்டும். சட்டப்படி நடப்பவனை விட்டு, சட்டத்தை மீறுபவனை அடக்க வேண்டும் என்பது அதன் சாரம். சேலத்திற்கு அது ஓராண்டு தாமதமாக வந்தது என்பேன்.

பின்னர் சென்னைச் சட்டசபை, டில்லியில் மத்தியச் சட்டசபை என்று உயர்ந்தார். 1920-இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் அங்கேதான் உறுதி பெற்றது. தலைவருக்கோ அதில் முழு உடன்பாடில்லை! மனத்தில் பட்டதை மறைக்கும் பழக்கம் அவருக்கில்லை போலும். தென்னாட்டுச் சிங்கம் என்று மக்கள் அழைத்தனர். 1944 ஏப்ரல் 19-இல் மறைந்தார்.

சென்ற திருவிழாவின்போது ஊருக்குப் போக ஏறிய பஸ், ஊர்வலத்திற்காக வெகுநேரம் நிறுத்தப்பட்டது. பயணிகள் முணுமுணுத்தார்கள். கயிறு பிடித்து நின்ற போலீஸ்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்தபடி, மேளக்காரர்களை முன்னே போகச் சொல்லிக் கையசைத்தார். ஊர்வலம் போயிற்று. பஸ்ஸும் புறப்பட்டது. கரடியூர் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.