வாசலில் நின்ற செபமாலை

மாலை வேளையில் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நடந்து செல்வோருக்குச் சில வீடுகளிலிருந்து செபமாலை ஒலி கேட்கும். கடலுக்குச் சென்ற கணவனுக்காக, பிழைப்புத் தேடி வெளிநாடு சென்ற மகனுக்காக, மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளைக்காக அங்கே மன்றாட்டு எழுகின்றது. பல வீடுகளிலோ அந்நேரம் தொலைக்காட்சியின் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. செபம் என்பது ஞாயிறன்று ஆலயத்தில் குருவானவர் நிறைவேற்றும் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே மெல்ல வேரூன்றி வருகின்றது. ஆனால் குருவும் ஆலயமும் பறிக்கப்பட்ட ஒரு காலத்தில், இந்நாட்டின் விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. அவ்வீடுகளைத் தேடி வந்தவர் புனித யோசேவாஸ் அடிகளார்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டு தம்மை அன்னை மரியாவின் அடிமையாக எழுதிக் கையளித்தார். பின்னர் கோவாவில் ஒரற்றோரியன் குருக்களின் தலைவராகவும் விளங்கினார். மதிப்பும் வசதியும் நிறைந்த அந்த வாழ்வில் ஒரு கவலை அவர் உள்ளத்தை அரித்தது. இலங்கையில் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவிக்கின்றனர் என்பதே அக்கவலை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். நமது திருகோணமலைக் கோட்டையும் பின்னர் அவர்கள் வசமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாவோருக்கு இறுதி ஆறுதலும் இல்லை.

1687இல் கூலியாளின் உடையில், ஓர் உதவியாளருடன், யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். அறிந்தவர் எவருமில்லை, யாரிடமும் தம்மை வெளிப்படுத்தவும் இயலவில்லை. சற்றுத் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். அன்னம் இடுவோரின் கண்கள் அந்தச் செபமாலையில் படும்போது அவர்கள் முகம் எவ்வாறு மாறுகின்றது என்பதை உற்று நோக்கினார். சிலர் முகம் சுளித்தனர். சிலர் கவனியாது விட்டனர். இறுதியில் செபமாலையை அடையாளம் கண்டுகொண்டவர்களும் இருந்தனர். பொறுமையாகப் பழகி, அவர்களின் பற்றுறுதியை அறிந்த பின்னரே தாம் ஒரு குரு என்பதை அடிகளார் வெளிப்படுத்தினார்.

அன்பானவர்களே, சற்றுச் சிந்தியுங்கள். ஒரு தலைமுறைக் காலம் குருவைக் காணாத மக்கள், கழுத்தில் தொங்கிய மணிமாலையை எவ்வாறு அறிந்துகொண்டனர்? அது வீட்டில் மறக்கப்படவில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த எளிய மன்றாட்டுகளே அணையாத நெருப்பாய் இருந்தன. அடிகளார் கொண்டு வந்தது புதிய விசுவாசமன்று. சாம்பலுக்குள் இருந்த தணலை ஊதிக் கனலச் செய்தார்.

சில்லாலையைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டு, இரவு வேளைகளில் வீடுகளில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். அதற்கான விலையை மக்களே கொடுத்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் புகுந்து, கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்துத் துன்புறுத்தினர். அடிகளார் தப்பினார். தம்மை ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு நேர்ந்ததை எண்ணி அவர் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும்! ஆயினும் அம்மக்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை.

1692இல் கண்டிக்குச் சென்ற அவர் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். அங்கு சிங்களம் கற்றார். சிறைவளவில் குடிலமைத்துச் செபித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரும் அஞ்சிக் கைவிட்ட நோயாளரைத் தேடிச் சென்றார். உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளியின் பாயருகே முழந்தாளிட்ட நேரமும் அவருக்குச் செப நேரமாகவே இருந்தது. விமலதர்மசூரிய மன்னனும் அவரது தொண்டைப் போற்றினான்.

குரு எப்போதும் உடனிருக்க இயலாது என்பதை உணர்ந்த அடிகளார், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். அவர்கள் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினர். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினர். கடலோடியும் கமக்காரனும் தாயும் தந்தையும் செபத்துக்குப் பொறுப்பாளராயினர். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் செபிக்கும் குடும்பங்களே. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பில் உயர்த்தினர்.

போரும் இடப்பெயர்வும் கடற்கோளும் கண்ட நமது மாவட்டத்து மக்களுக்கு, யாவும் பறிபோன பின்னும் எஞ்சி நிற்பது எது என்பது நன்கு தெரியும். முகாமின் ஓலைக் கொட்டிலிலும் செபமாலை சொன்னவர்கள் நாம். இன்று சுவர்கள் எழும்பியுள்ளன, செபம் குறைந்துள்ளதோ?

இன்று மாலை ஓர் அந்நியர் செபமாலை அணிந்து நம் வாசலில் நின்றால், நம் பிள்ளைகள் அதை அடையாளம் காண்பார்களா? இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் போதும். வலை பின்னும் கையும் சோறு சமைக்கும் கையும் ஒன்றாகக் குவியட்டும். புனித யோசேவாஸ் தேடி வந்த வீடுகளில் ஒன்றாக நமது வீடும் விளங்க அவர் நமக்காகப் பரிந்து பேசுவாராக.