தூது சென்ற கல்லூரி முதல்வர்: டி. பி. ஜாயா

படைவலியும் பெருஞ்செல்வமும் இல்லாத சிறு நாடொன்று விடுதலை பெற்றால், உலக அரங்கில் அதற்கு முதலாவது துணை அதன் நன்மதிப்பே. அந்நன்மதிப்பைச் சுமந்து சென்ற பெருமகனார் ஒருவரின் வாழ்வை நாம் இங்கு நினைவுகூர்கின்றோம்.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890-இல் கண்டிக்கு அருகில் உள்ள கலகெதரையில் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். கிறித்தவர் நடத்திய புனித தோமையர் கல்லூரியில் பயின்றார். பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். 1921-இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் முதல்வரானார். நலிந்திருந்த அக்கல்லூரியை 27 ஆண்டுகள் உழைத்து முஸ்லிம்களின் தலைசிறந்த கல்விக்கூடமாக உயர்த்தினார். பிற சமயத்தாரோடு பழகி வாழும் பண்பை அவர் கற்றது நூல்களில் மட்டுமன்று, வாழ்ந்த இடங்களிலும்தான்.

1945-இல் அரசாங்க சபையில் விடுதலை கோரும் மசோதா வந்தபோது, தம் சமுதாயத்திற்கெனப் பேரம் பேசாது அதனை ஆதரித்தார். சிறுபான்மையினர் அஞ்சி ஒதுங்கியிருந்தால் அயலாட்சி நீடிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1947-இல் மத்திய கொழும்பிலிருந்து தேர்வுபெற்று, முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார்.

4.2.1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. ஆயினும் திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியத் தளங்கள் நிலைத்திருந்தன. அந்த விடுதலை முழுமையானதுதானா என ஐயுற்ற சோவியத் ஒன்றியம், ஐக்கிய நாடுகள் அவையில் இலங்கை சேர்வதைத் தன் மறுப்பு வாக்கால் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் அவ்வவையின் கதவு திறந்தது. அதுவரை, ஒவ்வொரு தலைநகரிலும் நட்பைத் தேடிப் பெறவேண்டிய நிலையில் அந்நாடு இருந்தது. இச்சூழலில், 1950-இல் ஜாயா பாகிஸ்தானுக்கான இலங்கையின் உயர் ஆணையராகக் கராச்சி சென்றார். பௌத்தர் பெரும்பான்மையினராய் வாழும் நாட்டின் குரலாக ஒரு முஸ்லிம் நின்றதே அந்நாட்டைப் பற்றிய நற்சான்று ஆயிற்று. அவ்விரு நாடுகளும் இந்தியா, பர்மா, இந்தோனேசியா ஆகியவற்றோடு இணைந்து 1955-இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டியமை வரலாறு.

எனினும், அவர் அங்கம் வகித்த அமைச்சரவையின் காலத்தில்தான் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று என்பதை நாம் மறைத்தற்கில்லை. சிறுபான்மையினர் நிபந்தனையின்றி நம்பிக்கை வைப்பது பெருந்தன்மை. அந்நம்பிக்கையைக் காப்பது ஆள்வோர் கடன். வெளிநாடுகளில் ஈட்டும் மதிப்பு உள்நாட்டு நீதியால்தான் நிலைக்கும்.

ஹஜ் பயணம் மேற்கொண்ட ஜாயா 1960-இல் மதீனாவில் காலமானார். நாட்டின் தூதர்கள் முதலில் உருவாகுமிடம் வகுப்பறையே என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது. நம் மாணவர்கள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.