வேலை கிடைக்காத கணித மேதை



கணித மேதை யாருன்னு நம்ம பசங்ககிட்ட கேட்டா, ராமானுஜன்னு உடனே பதில் வரும். வரத்தானே செய்யும்! 1887 டிசம்பர் 22-ல் அவர் பிறந்தது நம்ம ஈரோட்டில் ஆயிற்றே. ஆனால் அடுத்த பெயர் ஒன்று சொல்லுப்பா என்றால் விழிப்போம். அந்த அடுத்த பெயரைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் சுப்பராமையா மீனாட்சிசுந்தரம். வளைந்த பரப்புகளின் கணிதத்தைப் படிப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பெயரை அறிவார்கள். நமக்குத்தான் தெரியாது.

பிறப்பும் படிப்பும்

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே திருச்சூர், அங்கேதான் 1913 அக்டோபர் 12-ல் பிறந்தார். தாய்மொழி தமிழ். சிறு வயதிலேயே குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. லயோலா கல்லூரியில் கணிதம் படித்து 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வழிகாட்டியவர் பேராசிரியர் கே. ஆனந்தராவ். இவர் கேம்பிரிட்ஜில் படித்தபோது ராமானுஜனும் அங்கே இருந்தார். இருவருக்கும் நல்ல பழக்கம். முடிவில்லாமல் நீளும் தொடர்களின் கூட்டுத்தொகை பற்றிய ஆராய்ச்சியில் ஆனந்தராவ் கெட்டிக்காரர். மீனாட்சிசுந்தரமும் அதிலேயே தொடங்கினார்.

இன்னொருவர் ரசீன் பாதிரியார். பிரான்ஸ் நாட்டுக்காரர். நவீன வடிவியலின் பெரிய தலை எலீ கார்த்தானிடம் பாரிஸில் ஆராய்ச்சி செய்தவர். 1937-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, பிறகு லயோலாவில் பாடம் நடத்தினார். பரீட்சைக்கு மட்டும் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் புதிதாக என்ன நடக்கிறது என்பதை நம்ம ஊர் இளைஞர்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

பட்டம் உண்டு, வேலை இல்லை

1940-ல் மீனாட்சிசுந்தரத்துக்கு டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. அதற்கு மேல் அந்தக் காலத்தில் படிப்பே கிடையாது. அப்புறம்? வேலை கிடைக்கவில்லை!

நம்ப முடிகிறதா நண்பர்களே? டிப்ளமா முடிச்சா வேலை கிடைக்குமா, பி.இ. சேரலாமா என்று நாம் ராத்திரி தூங்காமல் யோசிக்கிறோம். டி.எஸ்சி. வாங்கிய ஒருவர், பரீட்சைக்குப் போகிற மாணவர்களுக்கு ட்யூஷன் எடுத்து வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. அந்த நாளில் ரசீன் பாதிரியார்தான் கைகொடுத்தார். பகலெல்லாம் மற்றவர்களின் பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தாலும், தன் சொந்தக் கணக்கை அவர் கைவிடவே இல்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

பிறகு, போர்க்காலத்தில் குண்டூரில் இயங்கிவந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. 1946-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். ஐன்ஸ்டைன் இருந்த அதே நிறுவனம்! 1948 வரை அங்கே இருந்தார்.

சூடு சொல்லும் சேதி

அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே வாங்க, சொல்கிறேன்.

ஒரு ஷீட்டை உருட்டிக் குழாய் ஆக்கலாம், புனல் ஆக்கலாம். தகடு எங்கும் நீள வேண்டியதில்லை. ஆனால் அதே ஷீட்டை அரைப்பந்து மாதிரி கிண்ணமாக்கிப் பாருங்கள். சுத்தியலால் தட்டித்தட்டி நீட்டினால்தான் வரும். இல்லாவிட்டால் சுருக்கம் விழும். குழாயின் வளைவு வேறு, பந்தின் வளைவு வேறு என்பது இதிலேயே தெரிகிறது. இந்த வித்தியாசத்தை அளந்து சொல்லும் கணிதம்தான் டிஃபரன்ஷியல் ஜியாமெட்ரி. தமிழில் வகைநுண்கணித வடிவியல் எனலாம்.

இப்போது ஒரு கற்பனை. வளைந்த பரப்பில் ஒரே ஒரு புள்ளியில் துளிச் சூடு வைக்கிறோம். சூடு நாலு பக்கமும் பரவும். கொஞ்ச நேரம் கழித்து, வைத்த இடத்திலேயே எவ்வளவு சூடு மிச்சம் இருக்கும்? மிகமிகக் குறைந்த நேரத்தில், பரப்பு வளைந்ததா தட்டையா என்றே சூட்டுக்குத் தெரியாது. தட்டையான தகட்டில் வரும் விடைதான் வரும். நேரம் சற்றுக் கூடும்போது அந்த விடையில் சின்னச்சின்னத் திருத்தங்கள் சேரும். பந்து மாதிரிப் பரப்பாக இருந்தால், தட்டையான தகட்டில் இருப்பதைவிட வைத்த இடத்தில் சூடு துளி அதிகமாகத் தங்கும்.

அந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தின் வளைவிலிருந்தே வருகின்றன. இந்த விரிவை எத்தனை பரிமாணம் உள்ள பரப்புக்கும் பொருந்தும்படி காட்டியவர்கள் மீனாட்சிசுந்தரமும் ஸ்வீடன் நாட்டு ஓக்கே பிளேயெலும். 1949-ல் கனடாவின் கணித இதழில் வந்தது அந்தக் கட்டுரை. மத்தளத் தோலின் அதிர்வும் இதே கணக்குத்தான். சத்தத்தை மட்டும் கேட்டு மத்தளத்தின் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்று மார்க் காட்ஸ் 1966-ல் கேட்டார். பரப்பளவைச் சொல்லலாம். ஆனால் முழு வடிவத்தையும் எப்போதும் சொல்லிவிட முடியாது என்று 1992-ல் நிரூபித்தார்கள்.

திரும்பி வந்த பின்

பிரின்ஸ்டனிலிருந்து ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார்; வால்டேரில் பேராசிரியரானார். கே. சந்திரசேகரனுடன் சேர்ந்து, தொடர்களின் கூட்டல் பற்றி 'டிபிக்கல் மீன்ஸ்' என்ற நூலை 1952-ல் வெளியிட்டார். கடைசி ஆண்டுகள் சிம்லாவில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் கழிந்தன. 1968 ஆகஸ்டில் காலமானார். வயது 54 மட்டுமே.

அவர் போட்ட கணக்கு அவரோடு நிற்கவில்லை. லயோலாவில் ரசீனிடம் படித்த இன்னொரு தமிழர் எம்.எஸ். நரசிம்மன். அவரும் எஸ். ராமனனும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் வழிகாட்டிய மாணவர் விஜய்குமார் பட்டோடி. இந்தச் சூட்டுக் கணக்கையே கருவியாக எடுத்துக்கொண்டு, அட்டியா-சிங்கர் தேற்றத்தின் சில சிறப்பு வகைகளுக்குப் புது வழியில் நிரூபணம் காட்டி 1971-ல் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார் பட்டோடி. பாவம், அவரும் 1976-ல், 31 வயதில், சிறுநீரகக் கோளாறால் மறைந்துபோனார். 1977-ல் ஸ்டீபன் ஹாக்கிங், வளைந்த வெளியில் குவாண்டம் கணக்குப் போட எடுத்தாண்ட ஜீட்டா சார்பு முறைக்கும் வேர் அந்த 1949 கட்டுரையில் இருக்கிறது. மீனாட்சிசுந்தரம் இவற்றில் எதையும் பார்க்க உயிரோடு இல்லை.

நமக்கு என்ன?

கணக்குப் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஃபூரியர் தொடரை எதுக்குப் படிக்கிறோம்னே தெரியாம மனப்பாடம் பண்ணி எழுதுகிறோம். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கண்டறியப் பிறந்தது அந்தத் தொடர். அதே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் ட்யூஷன் வாத்தியாராக இருந்த ஒரு தமிழர் பிரின்ஸ்டன் வரை போனார்.

வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். வீட்டில் பேச்சு விழும். கிடைத்த வேலையைச் செய்வோம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் படித்த தொழிலை அந்த இடைவெளியில் மறந்துவிடாமல் இருப்போம். தினமும் ஒரு மணி நேரம் டிராயிங் ஷீட்டோ கணக்கு நோட்டோ நம் கையில் இருக்கட்டும். அதோடு, கஷ்டத்தில் இருக்கும் ஜூனியர் ஒருவனுக்கு, ரசீன் பாதிரியார் செய்ததுபோல, நம்மால் முடிந்த வழி காட்டுவோம்.

வாழ்க மீனாட்சிசுந்தரம் புகழ்!