ஹென்றி செல்பி ஹீல்-ஷா

ஹென்றி செல்பி ஹீல்-ஷா (ஜூலை 29, 1854 - ஜனவரி 30, 1941) ஓர் ஆங்கிலேய இயந்திரப் பொறியியலாளரும் பேராசிரியரும் ஆவார். பாய்ம இயக்கவியலில் ஹீல்-ஷா பாய்வு என்பது இவர் பெயரால் வழங்குகிறது. பிஸ்டன் பொறி பூட்டிய வானூர்திகளுக்கான மாறா வேக உந்துவிசிறியை டி. ஈ. பீச்சம் என்பவருடன் இணைந்து வடிவமைத்தவரும் இவரே.

வாழ்க்கை

இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் உள்ள பில்லரிக்கே என்னும் ஊரில், வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இவரது இயற்பெயர் ஹென்றி செல்பி ஷா. தாய்வழிப் பெயரான ஹீல் என்பதைப் பின்னர் சேர்த்துக்கொண்டார். 17 ஆவது வயதில் பிரிஸ்டல் நகரப் பட்டறை ஒன்றில் தொழில் பயிலுநராகச் சேர்ந்தார். 1881 இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் பொறியியல் பேராசிரியரானார். 1885 இல் லிவர்பூலிலும் அதே பொறுப்பை ஏற்றார். 1904 இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவால் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று, சில ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பினார். 1922 இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் தலைவராக இருந்தார்.

பாய்ம ஆய்வு

மிக நெருக்கமாக வைத்த இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நீர்மத்தைச் செலுத்தி, அதில் சாயக் கோடுகளை ஓடவிட்டு, பொருள்களைச் சுற்றி நீர்மம் பாயும் வழியை இவர் கண்ணால் காணச் செய்தார். இவ்வாய்வு வெளிவந்த பின், 1899 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். பின்னர் எண்ணெயை வேண்டிய அளவில் செலுத்தும் மாறு கொள்ளளவு எக்கி ஒன்றையும் உருவாக்கினார். எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திப் பெரிய விசையை ஆளும் இந்தப் பட்டறிவே பிற்காலத்தில் உந்துவிசிறிக்கு அடிப்படையாயிற்று.

மாறா வேக உந்துவிசிறி

அலகுகளின் கோணம் நிலையாக உள்ள உந்துவிசிறி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே நன்கு பயன்படும். மேலெழும்பச் சிறிய கோணமும், விரைந்து பறக்கப் பெரிய கோணமும் தேவை. ஒரே பற்சக்கர அமைப்புடன் மலையிலும் சமவெளியிலும் மகிழுந்தை ஓட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

மாறா வேக அமைப்பில் கவர்னர் எனப்படும் வேகச் சீராக்கி ஒன்று உண்டு. அதில் பொறியுடன் சேர்ந்து சுழலும் எடைகள் ஒரு சுருள்வில்லுக்கு எதிராக இயங்குகின்றன. வானூர்தியோட்டி நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் என வைத்திருப்பதாகக் கொள்வோம். வானூர்தி மூக்கைத் தாழ்த்தினால் சுழற்சி கூடும். எடைகள் வெளிநோக்கி விரியும். அடைப்பிதழ் திறந்து, விசிறியின் குடத்திலுள்ள உருளைக்குள் எண்ணெய் பாயும். அங்குள்ள பிஸ்டன் நகர்ந்து அலகுகளின் கோணத்தைக் கூட்டும். அலகுகள் காற்றை ஆழமாகக் கடிப்பதால் பொறியின் சுமை ஏறி, சுழற்சி மீண்டும் 2,400க்கு இறங்கும். சுழற்சி குறையும்போது இதற்கு நேர்மாறாக நிகழும். ஒற்றைப் பொறி வானூர்திகளில் பெரும்பாலும் இம்முறையே உள்ளது. இரட்டைப் பொறிச் சிறு வானூர்திகள் பலவற்றில், எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனால் அலகுகள் காற்றைத் தடுக்காதவாறு பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

ஏற்பும் தாக்கமும்

1924 இல் இவ்வடிவமைப்புக்குக் காப்புரிமம் பெற்றபோது ஹீல்-ஷாவுக்கு வயது ஏறத்தாழ எழுபது. குளோஸ்டர் நிறுவனம் இதனைக் கிரெப் வானூர்தியில் பொருத்திச் சோதித்தது. ஆயினும் அன்றைய வானூர்திகளின் வேகம் குறைவு. எளிய மரவிசிறியே அவற்றுக்குப் போதுமாயிருந்தது. கூடுதல் எடையையும் சிக்கலையும் எவரும் விரும்பவில்லை. 1930களில் வேகம் பெருகிய பின்னரே தேவை உணரப்பட்டது. 1937 இல் தொடங்கப்பட்ட ரோட்டால் நிறுவனம் இவர்களுடைய வழியை வளர்த்தெடுத்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் கால்டுவெல் தனியே இத்துறையில் முன்னேறினார்.

1940 கோடையில் பிரித்தானிய வான்படையின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் வானூர்திகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் டி ஹாவிலண்ட் நிறுவனம் இரு கோண விசிறிகளை மாறா வேக விசிறிகளாக மாற்றியது. அவை அமெரிக்க உரிமத்தில் அமைந்தவை எனினும் அடிப்படைக் கோட்பாடு ஒன்றே. இம்மாற்றத்தால் அவை விரைவாக மேலெழும்பின. பதினாறு ஆண்டுகளாகப் பெரிதும் பொருட்படுத்தப்படாத கோட்பாடு சில வாரங்களில் இன்றியமையாததாயிற்று. அடுத்த ஜனவரியில் ஹீல்-ஷா காலமானார்.

1947 அக்டோபர் 27 அன்று சிறிநகருக்குப் படையினரைக் கொண்டுசென்ற டக்கோட்டா வானூர்திகளிலும் மாறா வேக விசிறிகளே இருந்தன. 2024 டிசம்பரில் புதுச்சேரி லாசுப்பேட்டைக்குச் சேவை தொடங்கிய ஏடிஆர் வானூர்திகளில் பிஸ்டன் பொறிக்குப் பதில் சுழலிப் பொறி உள்ளது. எனினும், அலகின் கோணத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் முறை அவற்றிலும் தொடர்கிறது.