காணாமற்போன பறவைகளைத் தேடியவர்

ஓர் உயிரினம் உலகிலிருந்து அற்றுப்போயிற்று என்று சொல்வது எளிது. அதனை உறுதியாகச் சொல்வது அரிது. காட்டிலும் மேட்டிலும் சதுப்பிலும் பல்லாண்டுகள் தேடிய பின்னரே அவ்வாறு கூற இயலும். இல்லை என்று எண்ணிக் கைவிடப்பட்ட பறவை ஏதோ ஒரு புதர்க்காட்டில் உயிர்வாழ்ந்திருக்கக்கூடும். எங்கும் இருக்கிறது என்று நம்பப்பட்ட பறவை எவரும் அறியாமலேயே மறைந்திருக்கவும் கூடும். இவ்விரண்டையும் தம் வாழ்நாளில் கண்டவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

சிட்டு காட்டிய வழி

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். உடன்பிறந்தோர் பதின்மருள் அவரே இளையவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார்.

சிறுவர்க்குரிய காற்றுத் துப்பாக்கி ஒன்று சலீமிடம் இருந்தது. அதனால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவருடைய விளையாட்டு. ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. வீட்டைச் சுற்றித் திரியும் சிட்டுகளுக்கு அத்தகைய திட்டு இல்லை. அது என்ன பறவை என்று மாமாவிடம் வினவினார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆயினும் அவர் அவ்வினாவைத் தள்ளிவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார்.

மில்லார்டு அப்பறவையை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்காட்டினார். அத்துடன் நில்லாமல், கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவை உடல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இந்தியாவில் இத்தனை வகைப் பறவைகள் உள்ளன என்பதைச் சிறுவன் அன்றுதான் அறிந்தான். உயிரிழந்த ஒரு சிட்டு, உயிருள்ள ஆயிரம் பறவைகளின் பக்கம் அவனைத் திருப்பிவிட்டது.

பட்டம் இல்லை, பணியும் இல்லை

பறவைகளை அறிய விழைந்தவருக்குப் பாதை நேராக அமையவில்லை. கல்லூரிக் கல்வியைத் தொடர முடியாமல், குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்றார். தொழிலைக் காட்டிலும் அங்கிருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917இல் தாயகம் திரும்பி, வணிகச் சட்டமும் விலங்கியலும் பயின்றார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியல் வல்லுநர் பணிக்கு விண்ணப்பித்தபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அப்பணி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் கூறும் பணி கிடைத்தது. 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது, போதிய நிதி இல்லை என்று அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த இணையர் மும்பைக்கு அண்மையிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர். அங்குத் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. கையில் வேலை இல்லாத சலீம் அலிக்கு அவற்றை நாள்தோறும் உற்றுநோக்க நேரம் இருந்தது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து அதனைச் சோதிக்கிறது. பெண் ஏற்றுக்கொண்டால் மட்டுமே ஆண் அக்கூட்டை முடிக்கிறது. பின்னர் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. எல்லோரும் காணும் எளிய பறவையின் வாழ்வில் அதுவரை எவரும் தெளிவாக எழுதிவைக்காத செய்தி இது. வேலை பறிபோன காலமே அவரை ஆய்வாளராக நிலைநிறுத்தியது.

காடு மேடெல்லாம் கணக்கெடுப்பு

அதன்பின் ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய மன்னராட்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். கரடுமுரடான பயணங்களிலும் காட்டு முகாம்களிலும் தெஹ்மினா உடன் சென்று துணைநின்றார். 1939இல் அறுவை மருத்துவம் ஒன்றை அடுத்து தெஹ்மினா மறைந்தார். அத்துயரை நெஞ்சில் தாங்கியபடியே சலீம் அலி பணியைத் தொடர்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பொதுமக்களும் பறவைகளை இனங்காண அந்நூல் வழிசெய்தது. பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் அனைத்தையும் பத்துத் தொகுதிகளில் விரிவாக எழுதினார்.

கிடைத்த பறவையும் கிடைக்காத பறவைகளும்

எல்லாப் பறவைகளையும் பதிவுசெய்ய முனைந்தவர், காணாமற்போனவற்றையும் தேடாமல் இருக்க முடியாது. இமயமலை அடிவாரத்தில் குமாவூன் பகுதியின் தராய்ப் புல்வெளிகளில் ஃபின் தூக்கணாங்குருவி என்னும் இனம் வாழ்ந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பு இருந்தது. பின்னர் நெடுங்காலம் அங்கு அதனைக் கண்டவர் இல்லை. சலீம் அலி அப்புல்வெளிகளில் தேடி அக்குருவியை மீண்டும் கண்டறிந்தார். எனினும் புல்வெளிகள் குறைந்துவருவதால் அது இன்றும் அழிவின் விளிம்பில் உள்ள இனமே.

இமயமலைக் காடை என்னும் பறவைக்காகவும் அவர் மலைச்சரிவுகளில் தேடினார். அது உறுதியாகக் காணப்பட்ட கடைசி ஆண்டு 1876. அவருடைய தேடல் வெற்றி பெறவில்லை. பின்வந்தவர்களும் இதுவரை அதனைக் கண்டறியவில்லை.

இளஞ்சிவப்புத் தலை வாத்தின் கதை இன்னும் வருந்தத்தக்கது. பிற வாத்துகளுக்கு இல்லாத அழகிய இளஞ்சிவப்பு நிறத் தலையும் கழுத்தும் அதற்கு இருந்தன. அதன் முட்டை ஏறத்தாழப் பந்துபோல் உருண்டையானது. வங்கம், பிகார் பகுதிகளில் உயர்ந்த புல் சூழ்ந்த சதுப்புகளில் அது வாழ்ந்தது. சதுப்புகள் வயல்களாயின, வேட்டையும் தொடர்ந்தது. 1935இல் பிகாரின் தர்பங்காப் பகுதியில் காணப்பட்டதே காட்டில் அதனைப் பற்றிய கடைசி உறுதியான பதிவு. சலீம் அலியின் நூல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பறவை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

இரவில் நடந்த பறவை

1848ஆம் ஆண்டு ஜெர்டன் என்னும் மருத்துவர் தென்னிந்தியாவின் கிழக்குப் பகுதியில் ஒரு புதிய பறவையைக் கண்டறிந்தார். மெல்லிய நீண்ட கால்களும், மார்பில் இரு வெண்பட்டைகளும் கொண்டு தரையில் ஓடித்திரியும் பறவை அது. தெலுங்கு பேசும் மக்கள் அதனைக் கலிவிக்கோடி என்று அழைத்தனர். கலிவி என்பது புதர்ச்செடி. கோடி என்பது கோழி. 1900ஆம் ஆண்டுக்குப் பிறகு அதனைக் கண்டதாக எந்தப் பதிவும் இல்லை. அது அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தேடலைக் கைவிடவில்லை. கழகத்தின் ஆய்வாளர்கள் பறவையின் படத்தை ஊர் மக்களிடம் காட்டி வினவினர். 1986ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் விளக்கொளியில் அப்பறவையைப் பிடித்தார். அதுவரை அறிஞர்கள் பகலில் தேடியிருந்தனர். கலிவிக்கோடியோ இரவில் நடமாடுவது. நூல்களில் அழிந்த பறவையை ஊர் மக்கள் அறிந்தே இருந்தனர். எண்பத்தாறு ஆண்டுகள் காணாமற்போயிருந்த பறவை மீண்டும் கிடைத்த செய்தியைக் கேட்டபோது சலீம் அலிக்கு வயது எண்பத்தொன்பது.

அப்பறவைக்காகவே அங்குச் சரணாலயம் அமைந்தது. அதன் வாழிடத்தின் வழியே செல்லவிருந்த கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது. ஆயினும் புதர்க்காடு சுருங்கிவருவதால் அது மீண்டும் காண்பதற்கரிய பறவையாகிவிட்டது. ஒருமுறை கண்டறிந்துவிட்டால் என்றென்றைக்கும் காத்துவிட்டோம் என்று எண்ணலாகாது.

மேகமலை வௌவால்

அரிய உயிர்கள் எப்போதும் தொலைவில்தான் மறைந்திருக்கும் என்பதில்லை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள மேகமலையில் 1948இல் பழந்தின்னும் வௌவால் ஒன்று பிடிக்கப்பட்டது. அதன் உடல் மும்பைக் கழகத்திற்கு வந்தது. எங்கும் காணப்படும் பழவௌவால் என்று தவறாகப் பெயரிடப்பட்டு அங்கேயே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லோங்கியா அதன் பற்களையும் மண்டையோட்டையும் ஆராய்ந்தார். அஃது அதுவரை அறியப்படாத தனி இனம் என்று 1972இல் உலகிற்கு அறிவித்து, சலீம் அலியின் பெயரையே அதற்குச் சூட்டினார். தேடப்படும் பொருள் சில வேளைகளில் நம் பேழையிலேயே இருக்கும்; அதனைக் கூர்ந்து நோக்கும் கண் வேண்டும்.

காத்தலே பெரும்பணி

தேடுவதோடு காப்பதும் தம் கடமை என்று சலீம் அலி கருதினார். இராசத்தானிலுள்ள பரத்பூர்ச் சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கும் முயற்சி எழுந்தபோது, அது பறவைகளுக்கே உரியது என்று அரசிடம் எடுத்துரைத்தார். இன்று அது கேவலாதேவ் தேசியப் பூங்காவாக விளங்குகிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத்திட்டத்திலிருந்து காக்கவும் குரல் கொடுத்தார். எண்ணிக்கையில் அருகிவந்த கானமயிலை நாட்டின் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். மயிலே அச்சிறப்பைப் பெற்றது. கானமயிலோ இன்று இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

அரசு அவருக்குப் பத்மபூசண், பத்மவிபூசண் விருதுகளை வழங்கியது. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமித்தது. பன்னாட்டுப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை அவர் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் மும்பையில் இயற்கை எய்தினார். பட்டம் இல்லை என்று பணி மறுக்கப்பட்டவரின் பெயரால் இன்று கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு மையம் இயங்கிவருகிறது.

சலீம் அலி தேடிய பறவைகளுள் சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. கிடைத்தவை இன்னும் பாதுகாப்பாக இல்லை. நாள்தோறும் நம் வீட்டு முற்றத்துக்கும் மாடத்துக்கும் வரும் பறவைகளின் பெயரை அறிந்துகொள்வதே அப்பணியின் முதற்படி. பெயர் அறிந்த உயிர் காணாமற்போனால், அது நம் கண்ணுக்குத் தப்பாது.

சிந்தித்து விடை எழுதுக

1. சிறுவன் சலீமின் வினாவை மாமா எவ்வாறு எதிர்கொண்டார்? அதனால் விளைந்த நன்மை யாது?
2. வேலையிழந்த காலம் சலீம் அலிக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. கலிவிக்கோடியை அறிஞர்கள் நெடுங்காலம் காண இயலாமற்போனதன் காரணம் யாது?
4. இளஞ்சிவப்புத் தலை வாத்து மறைந்ததற்கும் ஃபின் தூக்கணாங்குருவி அருகிவருவதற்கும் பொதுவான காரணம் ஒன்றைக் குறிப்பிடுக.
5. நீங்கள் வாழும் ஊரில் காணும் ஐந்து பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதுக. முன்னர் அங்கு இருந்து இப்போது காணப்படாத பறவை எது என்று பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தியில் எழுதுக.