72 விநாடி: எமில் ஸாடோபெக்கின் கதை

இந்த இதழ்ல ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். 400 மீட்டர் டிராக்கை ஒரு சுற்று எவ்வளவு நேரத்துல ஓடுவீங்க? ஓரளவு ஃபிட்டான ஆளா இருந்தா, உயிரைக் கொடுத்து ஓடினா 72 விநாடியில முடிச்சிடலாம். முடிச்சதும் புல்தரையில விழுந்து கிடக்கலாம், தப்பில்ல.

இப்போ அதே 72 விநாடி வேகத்துல, நிக்காம 25 சுற்று ஓடணும்னா?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஒரு ராணுவ அதிகாரி அதைத்தான் செய்தார். 10,000 மீட்டரை 29 நிமிடம் 59.6 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்தவர் கோட்டைத் தொடும்போது கிட்டத்தட்ட 48 விநாடி கூடுதலாக ஓடியிருந்தது. ஜெயிச்சவர் பெயர் எமில் ஸாடோபெக். ஜிம்ல, கிரவுண்ட்ல இன்னைக்கு எல்லாரும் பேசுற இன்டர்வல் டிரெய்னிங்கை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான். எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்றோம்ங்கறது முக்கியமா, எவ்வளவு தீவிரமா செய்றோம்ங்கறது முக்கியமா? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையில ஒரு நல்ல பதில் இருக்கு.

பாட்டா கம்பெனிப் பையன்

எமில் 1922 செப்டம்பர் 19 அன்று மொராவியாவில் உள்ள கோப்ரிவ்நிட்சே என்ற ஊரில் பிறந்தார். அப்பா தச்சர். வீட்டில் நிறைய பிள்ளைகள், கையில் காசு கம்மி. 16 வயதில் ஸ்லின் நகரத்துக்கு ஷூ தொழிற்சாலை வேலைக்குப் போனார். எந்தக் கம்பெனி தெரியுமா? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயெல்லாம் கடை வெச்சிருக்கே, அதே பாட்டாதான். பாட்டா இந்தியக் கம்பெனின்னு நினைச்சிட்டு இருந்தீங்கன்னா, அதோட பிறந்த வீடு ஸ்லின்தான்னு இப்போ தெரிஞ்சுக்கோங்க.

1941ல் கம்பெனி சார்பாக ஒரு ஓட்டப் பந்தயம் நடந்தது. எமிலுக்கு ஓட்டத்தில் துளி ஆசையும் இல்லை. உடம்பு சரியில்லை, தான் பலவீனமானவன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லையென்று அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் ஓடினார். சுமார் 100 பேரில் இரண்டாவதாக வந்தார். அன்னைக்கு டாக்டர் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தா, உலகம் ஒரு பெரிய ஓட்டக்காரரை இழந்திருக்கும்!

அதுக்கப்புறம் ஓட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1944க்குள் 2,000, 3,000, 5,000 மீட்டர் மூன்றிலும் தேசிய சாதனைகள் அவர் பெயரில் இருந்தன. போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார்.

கஷ்டத்தைத் துண்டு போட்டவர்

நீண்ட தூரம் ஓடணும்னா நீண்ட தூரமா, நிதானமா ஓடிப் பழகணும். அந்தக் காலத்தில் பலருடைய நம்பிக்கை அதுதான். எமில் யோசித்தது வேற மாதிரி. மெதுவாக ஓடுவது ஏற்கனவே தெரியும், தெரிந்ததையே ஏன் திரும்பத் திரும்பப் பழக வேண்டும்? வேகமாக ஓடத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ஆனா வேகமா ரொம்ப தூரம் ஓட முடியாதே? அதனால தூரத்தை வெட்டிவிட்டார்.

அவருடைய பிரபலமான ஒருநாள் பயிற்சி இது: 200 மீட்டர் 5 முறை, 400 மீட்டர் 20 முறை, மறுபடியும் 200 மீட்டர் 5 முறை. ஒவ்வொரு வேக ஓட்டத்துக்கும் நடுவில் 200 மீட்டர் மெதுவான ஜாகிங். கூட்டிப் பாருங்க. 1,000 + 8,000 + 1,000. வேகமா ஓடின தூரம் மட்டும் சரியா 10,000 மீட்டர்! ஒரே மூச்சில் முடியாத பந்தயத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரே நாளில் ஓடி முடித்துவிடுகிறார். பின்னாளில் 400 மீட்டரின் எண்ணிக்கை 40, 60 என்று ஏறிக்கொண்டே போனது.

இந்த யோசனை எமில் கண்டுபிடிச்சது இல்லை. ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இதயத் துடிப்பை அளந்து அளந்து இன்டர்வல் பயிற்சியை வடிவமைத்திருந்தார். அவர் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939ல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆனால் எமில் அளவுக்கு இதை மலைபோலக் குவித்தவர் அப்போது யாரும் இல்லை. பனியில், காட்டுப் பாதையில், கனமான ராணுவ பூட்ஸைப் போட்டுக்கொண்டும் ஓடினார்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

இங்கதான் மேட்டர் இருக்கு. நடுவில் வரும் அந்த 200 மீட்டர் ஜாகிங்கை வெறும் ரெஸ்ட்டுன்னு நினைச்சிடாதீங்க. அடுத்த சுற்றையும் அதே வேகத்துல ஓட வைக்கிறது அதுதான்.

வேகமா ஓடும்போது தசைகள் கேட்கும் ஆக்சிஜனைக் கொடுக்க இதயம் தன் உச்ச வேலைக்குப் போகிறது. அதே வேகத்தில் தொடர்ந்தால் சில நிமிடங்களில் ஆட்டம் முடிஞ்சிடும். நடுவுல கொஞ்சம் தணிச்சா, தசையில் தீர்ந்துபோன உடனடி எரிபொருள் ஓரளவு திரும்பி நிரம்பும். ஆனா இதயம் முழுசா இறங்குறதுக்குள்ள அடுத்த சுற்று வந்துடும். மொத்தத்துல, ஒரே ஓட்டத்தில் 5 நிமிடம்கூடத் தாங்க முடியாத தீவிரத்தில், துண்டு துண்டாக அரை மணி நேரம் வேலை செய்ய முடிகிறது. இ.சி.இ. மக்களுக்கு ஈஸியா சொல்லணும்னா, இது பி.டபிள்யூ.எம். மாதிரி. ஆன் டைம், ஆஃப் டைம் ரெண்டையும் சேர்த்துத்தான் சிக்னல்.

வாரக்கணக்கில் இதைச் செய்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடும். தசை செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகும். ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, அதாவது வி.ஓ.டூ மேக்ஸ், உயரும்.

எமில் ஓடி முடித்துப் பல வருடங்கள் கழித்து, 1996ல் ஜப்பானில் இஸுமி டபாடாவும் அவர் குழுவும் இரண்டு வகைப் பயிற்சிகளை ஆராய்ந்தார்கள். ஆறு வாரங்கள், வாரத்துக்கு 5 நாள். ஒரு குழு மிதமான வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தது. இன்னொரு குழுவுக்குப் பிரதானமாக 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி 7 அல்லது 8 முறை. முதல் குழுவின் வி.ஓ.டூ மேக்ஸ், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு சுமார் 5 மில்லிலிட்டர் கூடியது. இரண்டாவது குழுவுக்கு சுமார் 7. அதோடு, ஆக்சிஜனை நம்பாமல் தசை செய்யும் வேலைத்திறன் அவர்களுக்கு 28 சதவீதம் உயர்ந்தது. முதல் குழுவில் அது அசையவே இல்லை. எமில் டிராக்கில் உணர்ந்த விஷயத்துக்குச் சோதனைக்கூடத்தில் ஒரு எண் கிடைத்தது என்றே சொல்லலாம்.

ஹெல்சின்கி: எட்டு நாள், மூன்று தங்கம்

1948ல் 5,000 மீட்டர் தங்கத்தை எமில் வெறும் 0.2 விநாடியில் தவறவிட்டார். 10,000 மீட்டரில் 1948 முதல் 1954 வரை தொடர்ந்து 38 வெற்றிகள். 1951ல் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடினார். ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக். ஜூலை 20ல் 10,000 மீட்டர் தங்கம். 24ல் 5,000 மீட்டர். கடைசிச் சுற்றில் மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து மூவரையும் தாண்டினார். பல வருடமாக ஓடிய அத்தனை 400 மீட்டரும் அந்த ஒரு வளைவுக்காகத்தான் போல. அதே நாள் மதியம் அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். கணவன் மனைவி இருவரும் பிறந்தது ஒரே நாள், ஒரே வருடம் என்பது போனஸ் தகவல்!

அதோட விட்டாரா? வாழ்க்கையில் ஒருமுறைகூட மாரத்தான் ஓடாதவர், 27ஆம் தேதி மாரத்தானுக்கும் போய் நின்றார். அப்போதைய வேகமான மாரத்தான் வீரர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். எமில் அவர் பக்கத்திலேயே ஓடினார். பாதி வழியில், இந்த வேகம் சரிதானா என்று அப்பாவியாகக் கேட்டாராம். குழப்பிவிடலாம் என்று பீட்டர்ஸ் வேகம் போதாது என்று சொல்ல, எமில் அதை நம்பி வேகத்தைக் கூட்டிப் போய்விட்டாராம். பீட்டர்ஸால் பந்தயத்தை முடிக்கவே முடியவில்லை. எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு சுமார் 3 நிமிடம் 23 விநாடி. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று தங்கத்தையும் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அப்போ மசில் ஏன் வரல?

அவர் போட்டோவைத் தேடிப் பாருங்க. முகம் கோணி, தலை ஒரு பக்கம் சாய்ஞ்சு, ஒல்லியா ஒரு மனுஷன். இவ்வளவு தீவிரமா பயிற்சி செஞ்சும் பைசெப்ஸ் எங்கே?

தீவிரம்ங்கற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஓட்டத்தில் தீவிரம் என்றால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வரும் சுமை. தசை பெருக வேண்டுமென்றால் தசை நார் ஒவ்வொன்றும் இழுவிசையைத் தாங்க வேண்டும். ஓடும்போது ஒரு காலடிக்குத் தசை போடும் விசை அதன் உச்சத்தில் ஒரு பகுதிதான், ஆனால் ஆயிரக்கணக்கான முறை. அதனால் உடம்பு தாக்குப்பிடிக்கப் பழகுகிறதே தவிர, தடிப்பதில்லை. எடை தூக்கும்போது விஷயம் வேறு. அதிக எடைதான் தூக்கணும்னு கட்டாயம் இல்லை. மிதமான எடையாக இருந்தாலும் இனி ஒருமுறைகூட முடியாது என்ற நிலையை நெருங்கும்வரை தூக்கினால், எல்லாத் தசை நார்களும் வேலைக்கு இழுக்கப்படும், தசை வளரும். ஆனா எவ்வளவு அதிக எடை தூக்க முடியும்ங்கற பலம் வேணும்னா, அதிக எடையைத் தூக்கித்தான் பழகணும். உடம்பு நீங்க கேட்டதைத்தான் கொடுக்கும்.

அளவு மீறினால்? அதுக்கும் எமிலே உதாரணம். டானாவைத் தோளில் சுமந்துகொண்டு பயிற்சி செய்ததில் அவருக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் வரை போனது. சரியாக ஆறுவதற்குள் மறுபடியும் ஓட ஆரம்பித்தார். 1956 மெல்போர்ன் மாரத்தானில் ஆறாவது இடம்தான். வென்றவர், பல வருடமாக அவர் பின்னாலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருந்த ஃபிரான்சின் அலான் மிமூன். தோற்ற வருத்தத்தை ஓரம் வைத்து, எமில் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

டிராக்குக்கு வெளியே

1952லேயே ஒரு சம்பவம். சக வீரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த்தின் அப்பா அரசியல் கைதி என்பதால், மகனை ஒலிம்பிக் அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று எமில் விமானம் ஏற மறுத்தார். ராணுவத்தில் இருக்கும் ஒருவர் கம்யூனிஸ்ட் அரசாங்கத்திடம் இப்படிச் சொல்வது விளையாட்டு இல்லை. கடைசியில் இருவரும் போனார்கள்.

1968ல் சோவியத் டாங்குகள் பிராக் நகருக்குள் வந்தபோது வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். இந்த முறை அரசாங்கம் விடவில்லை. கட்சியும் ராணுவமும் அவரை வெளியேற்றின. நாட்டின் நாயகனாக இருந்தவர், வீட்டை விட்டுத் தூரமாகப் போய்ப் பல வருடங்கள் நிலத்தில் துளையிடும் குழுக்களோடு கூலி வேலை செய்தார். அழுத்தம் தாங்காமல், பேசியதிலிருந்து ஒரு கட்டத்தில் பின்வாங்கவும் செய்தார். அதையும் சேர்த்துத்தான் அவரைப் புரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணுது. டிராக்கில் சுமையின் அளவை அவரே தீர்மானித்தார், ஓய்வும் அவர் கையில் இருந்தது. அந்த வருடங்களில் ரெண்டுமே அவர் கையில் இல்லை. ஆட்சி மாறிய பிறகு, 1990ல்தான் மரியாதை திரும்பக் கிடைத்தது. 2000 நவம்பரில், 78 வயதில் பிராகில் காலமானார்.

இன்னும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் உலக சாதனைகளாகக் குவித்தவர், ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அமையவில்லை. 1960களில் அவர் செக்கோஸ்லோவாகியா வந்து திரும்பும்போது, விமான நிலையத்தில் எமில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். கிளார்க் பிறகு திறந்து பார்த்தார். உள்ளே, ஹெல்சின்கி 10,000 மீட்டர் தங்கப் பதக்கம்.

சரி, உங்களுக்கு?

நாளைக்கே 60 முறை 400 மீட்டர் ஓடக் கிளம்பிடாதீங்க ப்ளீஸ். எமில் அந்த இடத்துக்கு வர வருடங்கள் ஆச்சு. வாரத்துல ரெண்டு நாள் போதும். நல்லா வார்ம் அப் பண்ணிட்டு, 200 மீட்டர் வேகமா, 200 மீட்டர் மெதுவா, ஒரு ஆறு முறை. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட ரொம்ப மெதுவா இருந்தா, ஆரம்பத்துலயே ஓவரா போயிட்டீங்கன்னு அர்த்தம், அடுத்த தடவை வேகத்தைக் குறைங்க. மத்த நாள்ல பக்கத்துல வர்ற ஃபிரெண்டோட பேசிட்டே ஓடுற அளவுக்கு நிதானமா ஓடுங்க. தசை வேணும்னா எடைக்குத் தனியா நாள் ஒதுக்குங்க. இதயப் பிரச்சினையோ ஆஸ்துமாவோ இருந்தா முதல்ல டாக்டர், அப்புறம்தான் டிராக்.

பெரிய கஷ்டத்தை ஒரே மூச்சில் தாங்க நினைக்காதீங்க. தாங்கக்கூடிய துண்டுகளா வெட்டுங்க, நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குங்க, அடுத்த துண்டுக்கு அதே வேகத்துல எழுந்திருங்க. செமஸ்டர் சிலபஸுக்கும் இது வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, மறக்காம எனக்கும் சொல்லுங்க!