நூல்களுக்கு முகவரி தந்த கணித ஆசிரியர்

நான் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் நூல்நிலையம் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டின் இறுதியில் ஓர் அறிவித்தல் வந்தது. நூல்களைத் தேடுவதற்கு அதுவரை இருந்த கணனி முறை கைவிடப்படுகிறதென்றும், வாசகர்கள் தத்தம் பெயரிற் சேமித்து வைத்த பட்டியல்கள் தாமாகப் புதிய முறைக்கு வந்து சேரமாட்டா என்றும், குறித்த நாளுக்குள் அவரவரே அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் அதிற் கண்டிருந்தது. ஈழத்துப் பாடநூல்களின் வரலாற்றை எழுதும் ஆசையால் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் சேர்த்த அறுநூறுக்கு மேற்பட்ட பதிவுகள் அங்கே கிடந்தன. குடியிருந்த வீட்டை விட்டு எழும்பச் சொன்னாற் போன்ற கலக்கம் எனக்கு உண்டாயிற்று. இதே கலக்கத்தை ஆயிரமாயிரம் வாசகரின் சார்பில் தாம் ஒருவரே தாங்கிய ஒரு தமிழரின் நினைவு அன்றிரவு வந்தது. அவர்தாம் சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியிற் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் கற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தார். அவர் நூல்நிலைய உத்தியோகத்தை நாடிப் போனவர் அல்லர். 1924ஆம் ஆண்டு சனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராகப் பதவியேற்றவர், சில நாட்களுக்குள்ளேயே அந்தத் தனிமை தாங்காது பழைய கல்லூரிக்கு ஓடிவந்து, தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அதிபரிடம் மன்றாடினார். கரும்பலகையும் மாணவர் முகங்களும் பழகிய ஆசிரியருக்கு, ஆள் அரவமற்ற மண்டபத்தில் அமர்ந்திருப்பது எத்தகைய தண்டனை என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். இலண்டன் சென்று நூலகக்கலையைக் கற்றுவரட்டும், அதன் பின்னும் பிடிக்கவில்லையாயின் பார்க்கலாம் என அதிபர் அவரை ஆற்றி அனுப்பினார். அதிபர் சற்று இளகிய மனத்தினராயிருந்திருப்பின் நமக்கு இன்னொரு கணிதப் பேராசிரியர் கிடைத்திருப்பார், அவ்வளவே.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அவர் குறொய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைவர். அங்கிருந்தவாறு நூறளவான நூல்நிலையங்களை இரங்கநாதன் சுற்றிப் பார்த்தார். உலகெங்கும் பரவியிருந்த தூயியின் பதின்மப் பகுப்பு அவருக்கு நிறைவளிக்கவில்லை. அறிவின் கிளைகளையெல்லாம் முன்கூட்டியே எண்ணி நிரற்படுத்தி வைத்த முறை அது. நாளை புதிதாய்த் தோன்றும் ஒரு பொருளுக்கு அதிலே இடம் இராது. இந்தச் சிந்தனையோடு இருந்த நாளிற் செல்பிறிட்ஜஸ் என்னும் பெருங்கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகளையும் சக்கரங்களையும் திருகாணிகளையும் கொண்டு வேண்டிய உருவத்தையெல்லாம் பூட்டிக் காட்டினார் கடைக்காரர். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளியைத் திருகாணியாகக் கொண்டு பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. இந்தியாவிலே கதிர்வீச்சினால் நுரையீரற் காசநோய்க்குச் செய்யும் சிகிச்சை என்றொரு நூல் வந்தால், உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி, நாடு எனும் கூறுகளைக் கோத்து அதற்கொரு முகவரி எழுதிவிடலாம். 1925இல் நாடு திரும்பியதும் இம்முறையைச் சென்னையிற் பயிலத் தொடங்கினார். அது 1933இல் கோலன் பகுப்பு என நூலாக வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஐந்து விதிகளில் வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துவதையும் ஒரு விதியாக்கினார். மீண்டும் கணிதம் கற்பிக்கப் போகவேயில்லை.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி காசியிலேதான் உள்ளது. சென்னையில் ஓய்வு பெற்ற பின்னர், இராதாகிருஷ்ணன் துணைவேந்தராயிருந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு 1945இல் அழைக்கப்பட்டார். அங்கே 1947 வரையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார் என்பர். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு நூல்நிலையத்தை மாற்றும்போது கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் புறப்படலாகாது என்பது அவர் கொள்கை. ஒரு நாளைக் குறித்து, அன்றுமுதல் வரும் நூல்களுக்குப் புதிய எண் இடவேண்டும். வாசகர் இரவல் கொண்டு திருப்பித் தரும் நூல்களுக்கும் அவ்வண்ணமே. எவரும் தொடாத நூல்கள் பழைய எண்ணோடு இருக்கட்டும். தேவை வரும்போது அவையும் மாறும். தாவர வேர் நீரை உறிஞ்சும் பிரசாரணத்தின் பெயரையே இதற்கும் இட்டார்.

இம்முறையையே நானும் பின்பற்றினேன். பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்துக்கு வேண்டிய எழுபது பதிவுகளை மட்டும் முதலிற் புதிய முறையிற் தேடிச் சேமித்தேன். அப்போது ஒன்று புலனாயிற்று. பழைய பட்டியலில் இருந்த இணைப்புகள் யாவும் செத்துவிட்டன. ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் பதிப்பாண்டும் பகுப்பெண்ணுமே உயிரோடிருந்தன. நான் சோம்பலால் இணைப்பை மட்டும் குறித்து வைத்த முப்பதளவான பதிவுகள் எவையென்று இன்றுவரை தெரியவில்லை. முற்காலத்து நூல்நிலையங்கள் பலவற்றில் நூலின்மேல் அலுமாரி எண்ணும் தட்டெண்ணும் எழுதுவர். அலுமாரியை நகர்த்தினால் எண் பொய்யாகும். என் இணைப்புகளும் அலுமாரி எண்களே.

இரங்கநாதனிடத்திலும் குறையுண்டு. தம் பகுப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1960இல் ஆறாம் பதிப்பு வந்தது. ஏழாவது, 1972இல் அவர் பெங்களூரிற் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே வெளியாயிற்று. ஒவ்வொரு திருத்தமும் எங்கோ ஒரு நூலகரைப் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுத வைத்தது. இந்தியாவிலேயே பல நூல்நிலையங்கள் தூயியோடு நின்றுகொண்டமைக்கு இது ஒரு காரணமென நான் எண்ணுகிறேன். டெல்லிப் பணியும், 1948இல் நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டமும், தம் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாவை மனைவி சாரதாவின் பெயரிற் பேராசிரியர் பதவிக்கு அளித்த கொடையும் தனியே எழுதத் தக்கவை.

1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை அமைக்க ஆலோசனை தந்தவரும் அவரே. என் மாணவப் பருவத்தில் அங்கேயிருந்து குறித்த அட்டைகள் நாற்பத்தொன்று இன்னும் ஒரு பிஸ்கற் பெட்டியிற் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூற்பெயரும் எண்ணும் உள. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அவையும் எரிந்தன. புதிய தேடல் முறையில் அந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது நூல்களுக்கு வேறு இடங்களிற் பிரதிகள் அகப்பட்டன. மற்றவற்றைப் பழைய எண்ணோடு ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.